இரும்புப் பெட்டிக்குள் ஒரு வில்லங்கம்

'நில் ஈ.சி. ஸார்! கண்ணை மூடிக்கிட்டு அட்வான்ஸ் குடுக்கலாம்.'

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஒரு கிரவுண்டு மனையோ, இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டோ பார்க்கப் போன எல்லோரும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று. 'நில்' என்றால் வில்லங்கம் ஒன்றும் இல்லை. புரோக்கர் அந்தக் காகிதத்தை நீட்டுகிற தோரணையைப் பார்த்தால், தலைமைச் செயலகமே கையெழுத்துப் போட்டு உத்தரவாதம் கொடுத்த மாதிரி இருக்கும்.

அந்தக் காகிதம் பொய் சொல்லாது. ஆனால், கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நீங்கள் கேட்டது: 'இந்த சர்வே நம்பரில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும், உங்கள் ஆபீஸில் ஏதாவது பத்திரம் பதிவாகியிருக்கிறதா?' அவ்வளவுதான். 'இந்த வீட்டின் மேல் கடன் இருக்கிறதா?' என்று நீங்கள் கேட்கவே இல்லை.

இரண்டும் ஒன்றுதானே என்கிறீர்களா? இல்லை. தமிழ்நாட்டில் 2012 கடைசி வரை இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் லாரியே போகலாம். அவ்வளவு பெரிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் விழுந்து, ஆயுசுக்கும் சேர்த்த பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. இவ்வளவு பெரிய ஓட்டையை யார் போட்டார்கள், ஏன் இத்தனை வருஷம் அடைக்காமல் விட்டார்கள் என்பது சுவாரசியமான கதை.

கொஞ்சம் பின்னால் போவோம். ரொம்பவே பின்னால்.

கி.மு. நான்காம் நூற்றாண்டு. கிரேக்க தேசத்து ஏதென்ஸ். அங்கே நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினால், அந்த நிலத்திலேயே ஒரு கல்லை நட்டுவிடுவார்கள். யாரிடம் கடன், எவ்வளவு கடன் என்று கல்லிலேயே செதுக்கியிருக்கும். வாங்க வருகிறவன் எந்த ஆபீஸுக்கும் போக வேண்டாம். வயலைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். அதற்கும் முன்னால், கி.மு. 594 வாக்கில், சோலோன் என்ற சட்ட மேதை விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்தபோது, நிலங்களில் இருந்த இப்படிப்பட்ட கற்களைத்தான் பிடுங்கிப் போட்டார். உலகத்தின் முதல் வில்லங்கச் சான்று கல்லில் இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

நம் ஊரில்? கல்வெட்டுகள் நிறைய உண்டு, கோயில் சுவர்களில் நில விற்பனை விவரம் மணி மணியாக இருக்கிறது. ஆனால், தனி மனிதர்களின் கொடுக்கல் வாங்கல் ஓலையில்தான் நடந்தது. இதற்கு நமக்குத் தெரிந்த ஒரு கதையே சாட்சி. பெரிய புராணத்தில் சுந்தரர் கல்யாணம். மணப்பந்தலுக்கு ஒரு கிழவர் வருகிறார். 'இந்த மாப்பிள்ளை என் அடிமை. இவனுடைய தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இதோ' என்கிறார். சுந்தரர் கோபத்தில் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் அசரவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. 'கிழித்தது படி ஓலை. மூல ஓலை என்னிடம் இருக்கிறது' என்று எடுத்து நீட்டுகிறார். தாத்தாவின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது. சுந்தரர் தோற்றார்.

வந்தவர் சிவபெருமான் என்பது பக்தி. அசல் ஒரு இடத்தில் இருக்க, நகல் இன்னொரு இடத்தில் சுற்றும். தகராறு என்று வந்தால் அசல்தான் ஜெயிக்கும் என்பது சேக்கிழார் காலத்துத் தமிழனுக்கே தெரிந்த வியாபார ஞானம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1802-ல் மதராஸ் மாகாணத்துக்கென்று ஒரு ரெகுலேஷன் போட்டார்கள். சொத்தை விற்றாலோ அடமானம் வைத்தாலோ, விருப்பப்பட்டால் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். 'விருப்பப்பட்டால்' என்று சொன்னால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் விருப்பப்பட மாட்டார்கள். ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்பதும், மூன்று பேரிடம் அடகு வைப்பதும் நடந்துகொண்டே இருந்தன. கடைசியில் 1864-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் வந்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்துப் பத்திரங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றது. இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் 1908-ம் வருஷத்துச் சட்டம் அதனுடைய பேரப்பிள்ளை.

அந்தச் சட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. சார்பதிவாளர் ஆபீஸில் நான்கு புத்தகங்கள். முதல் புத்தகத்தில் நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரங்கள். மூன்றாவதில் உயில்கள். நான்காவதில் மற்ற சில்லறைப் பத்திரங்கள். இதில் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் ஃபீஸ் கட்டிப் பார்க்கலாம். பெயரை வைத்துத் தேட ஓர் அட்டவணை, சொத்தை வைத்துத் தேட இன்னோர் அட்டவணை. அந்த அட்டவணையைப் புரட்டிப் பார்த்து ஆபீஸ்காரர்கள் எழுதிக் கொடுப்பதுதான் ஈ.சி. கிரேக்கத்துக் கல்லைப் புத்தகமாக மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் அதே சட்டத்தில் இருக்கிறது. 1883-ல் நில அபிவிருத்திக் கடன் சட்டம் என்று ஒன்று வந்தது. கிணறு வெட்ட, வாய்க்கால் வெட்ட விவசாயிக்கு சர்க்கார் கொடுக்கும் கடன். அப்படிக் கடன் கொடுத்த அதிகாரி, அந்த உத்தரவின் நகலைப் பத்திர ஆபீஸுக்கு அனுப்பியாக வேண்டும். அது முதல் புத்தகத்தில் ஏற வேண்டும். ஆக, பூந்தமல்லிப் பக்கத்து விவசாயி கிணறு வெட்ட சர்க்காரிடம் ஐம்பது ரூபாய் வாங்கினாலும் ஈ.சி.யில் தெரியும் என்ற அளவுக்குக் கட்டுமானம் பக்காவாக இருந்தது.

அப்புறம் எங்கே ஓட்டை?

அது லண்டனிலிருந்து கப்பலில் வந்தது.

இங்கிலாந்தில் அப்போது நாடு முழுவதற்குமான பத்திரப் பதிவே கிடையாது. மிடில்செக்ஸ், யார்க்‌ஷயர் மாதிரி சில இடங்களில்தான் இருந்தது. மற்ற ஊர்களில், யாரிடம் பழைய பத்திரக் கட்டு இருக்கிறதோ அவன்தான் சொந்தக்காரன். பத்திரம் இல்லாமல் விற்க முடியாது. அதனால் கடன் கொடுக்கிறவன் பத்திரத்தை வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டால், வேறு எந்தப் பாதுகாப்பும் வேண்டியதில்லை. 1783-ல் ஒரு வழக்கு. ஒருவன் தன் குத்தகைப் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கினான், பிறகு திவாலானான். அடமானம் என்று ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. ஆனாலும், பத்திரத்தைக் கொடுத்ததே அடமானம்தான் என்று தீர்ப்பானது. பின்னால் வந்த லார்டு எல்டன் போன்ற நீதிபதிகளுக்கு இதில் சந்தோஷமே இல்லை. நிலம் சம்பந்தமான எதையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்ற சட்டத்துக்கே இந்தத் தீர்ப்பு வேட்டு வைத்துவிட்டது என்று முணுமுணுத்தார்கள். ஆனால், வழக்கம் நிலைத்துவிட்டது.

மதராஸ் வியாபாரிகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஏன் பிடிக்காது? முத்திரைத்தாள் செலவு இல்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் காத்துக் கிடக்க வேண்டாம். கப்பல் கிளம்பும் நேரத்தில் அவசரமாகப் பணம் வேண்டுமா? பத்திரத்தைக் கொடு, பணத்தை வாங்கு. எல்லாவற்றுக்கும் மேல், வெளியே யாருக்கும் தெரியாது. கடன் வாங்கினான் என்ற செய்தி கடைத்தெருவில் பரவினால் வியாபாரியின் மானம் கப்பலேறிவிடுமே!

இப்படிப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் செல்லுமா என்று மதராஸிலிருந்து ஒரு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. வர்டன் சேத் சாம் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. 1862-ல் பிரிவி கவுன்சில் 'செல்லும்' என்றது. இருபது வருஷம் கழித்து, 1882-ல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தபோது, இதற்குச் சட்டத்திலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஆனால், எல்லா ஊர்களுக்கும் இல்லை. எட்டே எட்டு ஊர்கள்: கல்கத்தா, மதராஸ், பம்பாய், கராச்சி, ரங்கூன், மோல்மேன், பஸ்ஸீன், அக்யாப்.

பட்டியலைப் பார்த்தாலே விஷயம் புரியும். எட்டும் துறைமுகங்கள். கடைசி நான்கு, நம் நகரத்தார் லேவாதேவி கொடிகட்டிப் பறந்த பர்மாவில் இருப்பவை. அதாவது, இது வியாபாரிகளுக்காகச் செய்த சலுகை. வீடு வாங்கும் குமாஸ்தாவை யாரும் மனதில் வைத்திருக்கவில்லை.

இங்கேதான் நம் மேற்குப் புறநகர் கதைக்குள் வருகிறது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அப்போது மதராஸ் நகரத்தில் இல்லை. ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தன. 'அப்படியானால் அந்தச் சட்டம் அங்கே செல்லாதே!' என்று தோன்றும். ஆனால், சட்டத்தைக் கவனமாகப் படித்தால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பத்திரம் கைமாறும் இடம்தான் நகரத்துக்குள் இருக்க வேண்டும். நிலம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆக, நிலம் அம்பத்தூரில். பத்திரம் பாரிமுனையில் ஒரு பாங்கின் இரும்புப் பெட்டியில். நிலம் இருக்கும் ஊரின் ரிஜிஸ்தரில் ஒரு கோடுகூட விழாது. வில்லங்கம் பார்க்கப் போனால், 'நில்'.

ஒரு நாட்டில் ரிஜிஸ்தர் முறை இருக்கலாம். அல்லது பத்திரக் கட்டு முறை இருக்கலாம். நமக்கு இரண்டும் வாய்த்தன. ரிஜிஸ்தருக்கு இரும்புப் பெட்டிக்குள் இருப்பது தெரியாது. இரும்புப் பெட்டிக்கு ரிஜிஸ்தரைப் பற்றிக் கவலை கிடையாது.

1929-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போதாவது ஓட்டையை அடைத்தார்களா? பாதி அடைத்தார்கள். மீதியைப் பெரிதாக்கினார்கள். 'ஒரு பத்திரம் முறையாகப் பதிவாகிவிட்டால், வாங்குகிறவருக்கு அது தெரிந்ததாகவே அர்த்தம். எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூடாது' என்று கறாராகச் சொன்னது திருத்தம். நல்லது. அதே வருஷம் பதிவுச் சட்டத்தில் இன்னொன்றையும் சேர்த்தார்கள். பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய பதிவில்லாத கடன், அதற்குப் பிறகு முறைப்படி பதிவு செய்த அடமானத்தையும் முந்தும்! முத்திரைத்தாள் வாங்கி, க்யூவில் நின்று, கைநாட்டு வைத்துப் பதிவு செய்தவன் இரண்டாவது. சத்தம் போடாமல் பெட்டியில் பூட்டியவன் முதல்.

சரி, பத்திரத்தைக் கொடுக்கும்போது பாங்குக்காரர்கள் ஒரு காகிதத்தில் விவரம் எழுதி வைத்துக்கொள்வார்களே, அதையாவது பதிவு செய்ய வேண்டாமா? இந்தக் கேள்வி 1950-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. தீர்ப்பு எழுதியவர் நம் பதஞ்சலி சாஸ்திரி. அந்தக் காகிதமே கடன் ஒப்பந்தமாக இருந்தால் பதிவு செய்தாக வேண்டும். ஏற்கெனவே பத்திரம் கொடுத்தாகிவிட்டது என்று சும்மா குறித்துவைக்கும் காகிதமாக இருந்தால் வேண்டாம் என்றார். பாங்கு வக்கீல்களுக்கு இது போதாதா? 'நேற்று வந்து இன்னின்ன பத்திரங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்' என்ற தொனியில் காகிதம் எழுதுவது ஒரு கலையாகவே வளர்ந்தது.

இதற்குள் மேற்கே காட்சி மாறிவிட்டது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1955-ல் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பாடியில் வரிசையாகத் தொழிற்சாலைகள். ஷிஃப்டு வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு வேண்டும். வயல்கள் மனைகளாயின. சர்வே நம்பருக்கு வால் முளைத்தது. 100 என்று இருந்தது 100/1, 100/1ஏ, 100/1ஏ2 என்று நீண்டது.

இந்த வாலிலும் ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கும். லே-அவுட் போட்டவர், துண்டு போடும் முன்பு மொத்த நிலத்தையும் பழைய நம்பரில் அடமானம் வைத்திருப்பார். நீங்கள் புது நம்பரில் மட்டும் ஈ.சி. போட்டால் அது வராது. ஜனத்தொகை பெருகப் பெருக, பத்திர ஆபீஸ்களையும் பிரித்துக்கொண்டே போனார்கள். பழைய பதிவு தாய் ஆபீஸில் இருக்கும். புதிய பதிவு சேய் ஆபீஸில் இருக்கும். 1997-ல் ஜில்லா பிரிந்து திருவள்ளூர் வந்தது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடி தனி மாநகராட்சி ஆனது. ஊரின் விலாசம் மாறிக்கொண்டே இருந்தது. கடன் மட்டும் மாறாமல் உட்கார்ந்திருந்தது.

1977-ல் ஹெச்.டி.எஃப்.சி. வந்தது. 1989-ல் எல்.ஐ.சி. ஹவுஸிங் ஃபைனான்ஸ். வீட்டுக் கடன் என்பது நடுத்தர வர்க்கத்தின் அகராதியில் ஏறியது. எல்லோரும் அசல் பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். 1882-ல் கப்பல் வியாபாரிக்காகச் செய்த சலுகை, நூறு வருஷத்தில் இ.எம்.ஐ. கட்டும் ஃபிட்டர்களுக்கும் டீச்சர்களுக்கும் வந்து சேர்ந்தது. அதோடு மோசடிக்காரர்களுக்கும் வந்து சேர்ந்தது. 'பத்திரம் தொலைந்துவிட்டது' என்று சொல்லி நகல் வாங்கி, ஒரே வீட்டின் மேல் இரண்டு பாங்கில் கடன். கடன் நிலுவையில் இருக்கும்போதே 'நில்' ஈ.சி.யைக் காட்டி விற்பனை. 2002-ல் சர்ஃபாசி சட்டம் வந்த பிறகு பாங்குகளின் கை நீண்டது. கடன் கட்டாவிட்டால், அறுபது நாள் நோட்டீஸ். கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கையகப்படுத்தலாம். காசு கொடுத்து முறையாகப் பத்திரம் பதிந்து குடிவந்தவரின் கதவில் ஒருநாள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். இங்கிலாந்தில் விஷயம் தெரியாமல் வாங்கியவருக்காவது ஒரு பாதுகாப்பு உண்டு. இங்கே அதை முழு அடமானமாகவே சட்டத்தில் ஏற்றிவிட்டதால், 'எனக்குத் தெரியாதே' என்ற அழுகை பொதுவாக எடுபடாது.

சர்ஃபாசி சட்டத்திலேயே, இப்படிப்பட்ட கடன்களுக்காக ஒரு மத்தியப் பதிவேடு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது 2011 மார்ச் 31-ல். ஒன்பது வருஷம்! 'செர்சாய்' என்று பெயர். பாங்குகளும் வீட்டுக் கடன் கம்பெனிகளும் கொடுத்த கடன் விவரம் அதில் இருக்கும். கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடலாம். 2020 ஜனவரியிலிருந்து, அதில் பதியாத பாங்கு சர்ஃபாசி அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்றும் ஆகிவிட்டது.

தமிழ்நாடு தன் பங்குக்கு 2012-ல் பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. அந்த டிசம்பர் முதல், பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கும் ஒப்பந்தக் காகிதத்தையும் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். 1862-ல் மதராஸ் வழக்கில் திறந்த கதவை, நூற்றைம்பது வருஷம் கழித்து நம் சட்டமன்றமே சாத்தியது. 2018-ல் 'ஸ்டார் 2.0' வந்ததும் ஈ.சி.யை வீட்டிலிருந்தே, காசு கொடுக்காமல் பார்க்கும் வசதியும் வந்தது.

அப்படியானால் இனிமேல் 'நில்' என்றால் நிஜமாகவே நில்தானா?

அவசரப்படாதீர்கள். 2010-ல் இருபது வருஷக் கடன் வாங்கியவருக்குத் தவணை முடிவது 2030-ல். அது செர்சாய்க்கும் முந்தியது, 2012 திருத்தத்துக்கும் முந்தியது. ஈ.சி.யில் இல்லாமல் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அடுத்து, எதையும் எழுதிக்கொள்ளாமல், பத்திரத்தை மட்டும் வாங்கி பீரோவில் வைக்கும் தனியார் வட்டிக்காரர். பதிவு செய்ய அங்கே காகிதமே இல்லை. செர்சாய் பக்கம் அவர் போகவும் மாட்டார். அப்புறம், ஈ.சி. தேடலில் தவறு நேர்ந்தால் இலாகா பொறுப்பல்ல என்று ஈ.சி.யிலேயே ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

2022-ல் தமிழக அரசு இன்னொரு விதி கொண்டுவந்தது. விற்பவர் முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல, 1908-ம் வருஷத்துச் சட்டம் அந்த அதிகாரத்தை அவருக்குத் தரவில்லை என்பது கோர்ட்டின் கணக்கு. கசப்பாக இருந்தாலும், பத்திர ஆபீஸ் என்பது என்ன என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நடந்ததைப் பதிவு செய்யும் இடம் அது. சொத்துக்கு ஜாமீன் போடும் இடம் அல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858-லேயே, ரிஜிஸ்தரில் இருப்பதே உரிமை என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். நாம் அந்தப் பாதையில் போகவில்லை.

அதனால் வேலை நம் தலையில்தான். முப்பது வருஷ ஈ.சி. போடுங்கள். அடமானச் சொத்தை மீட்க 1908 காலாவதிச் சட்டம் அறுபது வருஷம் கொடுத்தது; 1963 சட்டம் அதை முப்பதாகக் குறைத்தது. முப்பது என்ற கணக்குக்கு அதுவும் ஒரு காரணம். பழைய சர்வே நம்பர், புது நம்பர் இரண்டிலும் போடுங்கள். தாய் ஆபீஸ், சேய் ஆபீஸ் இரண்டிலும் பாருங்கள். செர்சாயில் தேடுங்கள். பழைய கடன் ஈ.சி.யில் வந்தால், பாங்கு கொடுத்த 'கடன் தீர்ந்தது' கடிதம் மட்டும் போதாது. ரத்து ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, ஒரே ஒரு கேள்வி. 'அசல் எங்கே?' ஜெராக்ஸ் அல்ல, சர்டிஃபைடு காப்பி அல்ல. மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம் எல்லாமே அசல். 'லாக்கர்ல இருக்கு', 'அண்ணன்கிட்ட இருக்கு', 'மழையில நனைஞ்சு போச்சு' என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். பாங்குக்காரனுக்கு இரும்புப் பெட்டியைத் திறந்துவிட்ட அதே 1882 சட்டம், உங்களுக்கும் ஓர் ஆயுதம் கொடுத்திருக்கிறது. அதன் 55-ம் பிரிவு சொல்கிறது: வாங்குகிறவர் கேட்டால், தன் வசமுள்ள எல்லா உரிமைப் பத்திரங்களையும் விற்பவர் காட்டியாக வேண்டும்.

கேட்டால்தான் காட்டுவார். கேளுங்கள்.